பயிர் ஏறவில்லையா? உப்பா, சத்துக் குறைவா, கன உலோகமா என்று அறிகுறி வழியாகப் பிடிப்பது எப்படி

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இலைப் படம் அனுப்புகிறார்கள். ஒரே ஒரு இலையை உள்ளங்கையில் வைத்து வெயிலில் எடுத்த படம். கூடவே ஒரு கேள்வி: "சார், மஞ்சளடிக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் படமாக இருந்தால் இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும்: "ஷாப்புத் தண்ணியாலதானே இது?"

தோல் ஷாப்புக் கழிவால் பாலாற்றுப் படுகை என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது பதிவாகியிருக்கிறது. அதனால் கேட்பவர் மீது தப்பில்லை. ஆனால் ஒற்றை இலையை வைத்துக்கொண்டு "இது குரோமியம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். குரோமியம், நிக்கல், துத்தநாகம், செம்பு, காட்மியம் எல்லாமே இலையில் காட்டும் முகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த முகம் சாதாரண இரும்புச்சத்துக் குறைவின் முகம் மாதிரியே இருக்கும். எந்த வரிசையில் பார்த்தால் ஏமாறாமல் இருக்கலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் கழனியை ஒரு சுற்று சுற்றுங்கள்

இலையைக் கையில் எடுக்கும் முன் வரப்பு மேல் நடந்து, பாதிப்பு எந்த இடத்தில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வகச் சீட்டுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது இந்த நடையைத்தான்.

மடைவாயில் பயிர் குட்டையாக நின்று, உள்ளே போகப் போகத் தேறி, கடைசிப் பாத்தியில் நன்றாக இருக்கிறதா? தண்ணீரோடு வரும் உலோகமும் அதைச் சுமந்து வரும் சேறும் முதலில் படிவது மடைவாயில்தான். வங்காளத்தில் ஆர்சனிக் கலந்த போர் தண்ணீர் பாயும் நெல் வயல்களிலும் இதே வடிவம்தான், மடை அருகே அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. உப்பு இப்படி வரிசை கட்டாது. அது தண்ணீர் ஆவியாகும் இடத்தில் சேரும். மேட்டுத் திட்டு, பார் முகடு, வரப்போரம் என்று வெள்ளை பூத்துக் கிடக்கும்.

திட்டுத் திட்டாக, வண்டி கொட்டிய கணக்கில் பாதிப்பு இருந்தால் வேறு கேள்வி. ஏரி வண்டல் அடித்தீர்களா? நகராட்சிக் குப்பை உரம் போட்டீர்களா? போன கோடையில் ஒருவர் கழனியில் நிலக்கடலை ஒன்பது வட்டங்களில் மட்டும் ஏறவில்லை. ஒன்பது டிராக்டர் லோடு வண்டல், பரப்பியது சரியாகக் கலக்கவில்லை. ஏரி எங்கே என்று கேட்டால், கழிவுக் கால்வாய் வந்து சேரும் மூலையில் அள்ளியிருக்கிறார்கள். வண்டல் நல்ல உரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏரிக்குள் வரும் எல்லா உலோகமும் கடைசியில் போய் உட்காருவது அந்த வண்டலில்தான்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் பயிர் தேறி, கோடையில் மறுபடி கெடுகிறது என்றால் உப்பு பக்கம் சந்தேகம் சாயும். நல்ல மழைக்கு உப்பு கீழே இறங்கும். உலோகம் மண் துகளைப் பிடித்துக்கொண்டு உழவு ஆழத்திலேயே கிடக்கும். மழை வந்தாலும் வராவிட்டாலும் அதே இடம் அதே மாதிரி என்றால் கவனியுங்கள்.

விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்து இரண்டு இலையோடு நின்றுவிட்டது

விதை கெட்டதா என்பதைத் தனியே பார்த்துவிடுங்கள். அதே விதையை ஈரத் துணியில் கட்டி வையுங்கள். துணியில் முளைத்து மண்ணில் முளைக்காவிட்டால் கீழே சொல்லும் கிளாஸ் சோதனைக்கு வாருங்கள். செலவு கிடையாது, ஏழு நாள்தான்.

நான்கு டீ கிளாஸ், அடியில் ஊசித் துளை. இரண்டில் சந்தேக மண், இரண்டில் மேட்டுப்பக்க நல்ல மண். ஒவ்வொன்றிலும் பத்துப் பாசிப்பயறு. சந்தேக மண்ணில் ஒன்றுக்கு உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றுக்கு மழைநீர். நல்ல மண்ணுக்கும் அப்படியே. கிளாஸ் மேல் எழுதி ஒட்டுங்கள், மூன்றாம் நாள் எது எது என்று குழம்பும். எனக்கே குழம்பியிருக்கிறது.

ஏழாம் நாள் கிளாஸை வாளித் தண்ணீரில் முக்கி, வேர் அறுந்துவிடாமல் செடியை எடுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் நான்கு வரிசையாகப் படுக்க வையுங்கள். நல்ல மண்ணில் மழைநீர் விட்ட செடிக்கு வெள்ளையான நீள வேர், பக்கவாட்டில் மீசை மாதிரி சல்லி வேர்கள். அதன் பக்கத்தில் மற்ற மூன்றையும் வைத்தால் கண்ணே சொல்லிவிடும். நல்ல மண்ணில் போர் தண்ணீர் விட்டது கெட்டிருந்தால் குற்றம் தண்ணீரில். சந்தேக மண்ணில் மழைநீர் விட்டதும் கெட்டிருந்தால் மண் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது.

ஐந்தாவது கிளாஸ் ஒன்றும் போடலாம். சந்தேக மண்ணை எடுத்து, மண்ணளவைப் போல மூன்று நான்கு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, பிறகு விதைப்பது. இதில் செடி தெளிந்து வந்தால் பெரும்பாலும் உப்பு. முழுக்க அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. குரோமியத்தில் நீரில் கரையும் வகையான குரோமியம்-6 இருந்தால் அதுவும் ஓரளவு வடிந்துவிடும். வடிந்த நீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள் தட்டினால் அந்தத் தண்ணீர் நேராக ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றி நிலத்தடி நீரே மஞ்சளாக வந்தது நினைவிருக்கலாம். ஆனால் நிறம் இல்லையென்றால் குரோமியம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பாசன நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டு அளவு. அந்த அளவில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கீழ் இலையின் நுனியும் விளிம்பும் கருகுகிறது

இங்கே உலோகத்தைக் கடைசியில் வையுங்கள். நான் பார்த்தவரை உலோகம் என்று சொல்லி வந்த படங்களில் பாதிக்கு மேல் இந்த வகை. அவற்றில் பெரும்பாலானவை உப்பு.

தோல் ஷாப்பு என்றதும் எல்லோரும் குரோமியத்தையே பேசுகிறோம். ஆனால் தோல் கெடாமல் இருக்க முதலில் தடவி வைப்பது உப்பு. தோலை ஊற வைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கும். பயிரை முதலில் அடிப்பது இந்த உப்புத்தான். நொய்யலிலும் அதே கதை. திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசனத்தைக் கெடுத்ததில் பெரிய பங்கு கரைந்த உப்புகளுக்குத்தான். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்த நீரை முன்வைத்தே.

உப்பைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் பழுது பார்ப்பவரிடம் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். பாசனத் தண்ணீரில் 450-க்குள் காட்டினால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் எந்தப் பயிருக்கும் கஷ்டம். நடுவில் இருந்தால் பயிரையும் மண்ணையும் பொறுத்தது. பீன்ஸ் முதலில் படுக்கும், பருத்தி தாங்கும்.

மீட்டரில் 300 காட்டிவிட்டது, தண்ணீர் சுத்தம் என்று நிம்மதியாகி விடுகிறவர்களும் உண்டு. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குரோமியமோ 0.01 மில்லிகிராம் காட்மியமோ அந்த மீட்டர் எண்ணைத் துளியும் அசைக்காது. உப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அதைக் கேட்க முடியும்.

உலைச் சாம்பல் படியும் இடத்திலும் இலை விளிம்பு கருகும். நிலக்கரிச் சாம்பலில் போரான் இருக்கும், அதன் மிகுதி இதே இடத்தில்தான் வெளிப்படும். மீட்டர் குறைவாகக் காட்டி விளிம்பு மட்டும் கருகினால், பக்கத்தில் சாம்பல் குட்டை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

குருத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

குழப்பம் அதிகம் இங்கேதான்.

குருத்து இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், செடியின் இளம் பகுதிக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்பு மண்ணிலும் பி.எச். (அமில-கார அளவு) எட்டைத் தாண்டிய மண்ணிலும் எந்தக் கழிவும் இல்லாமலே நிலக்கடலை, கரும்பு எல்லாம் இப்படி ஆகும். துத்தநாகம், நிக்கல், செம்பு, காட்மியம், குரோமியம் அளவு மீறினாலும் அவை இரும்பின் உறிஞ்சலிலும் நடமாட்டத்திலும் குறுக்கே நிற்கும். விளைவு அதே மஞ்சள். காரணம் வேறு, இலை ஒன்று.

நம் ஆட்கள் உடனே செய்வது ஒரு சத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளிப்பது. தெளிக்கலாம். பத்து நாளில் பச்சை திரும்பினால் "பார்த்தீங்களா, வெறும் சத்துக் குறைவு" என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் சறுக்கல். உலோகத்தால் வந்த இரும்புக் குறையும் இலைவழி இரும்புக்குக் கொஞ்சம் பச்சை காட்டும். தெளிப்பு நடந்த இலை தெளிந்து, அடுத்து வரும் குருத்து மறுபடி மஞ்சள் என்றால் அடுத்த வேலை வேரைப் பார்ப்பது.

நிறத்தில் சில துப்புகள் உண்டு, துப்பு என்ற அளவில் மட்டும். சோளம், ஓட்ஸ் மாதிரித் தானியப் பயிரில் இலை நெடுக வெள்ளையும் பச்சையுமாகக் கோடு விழுந்தால் நிக்கலைச் சந்தேகிக்கலாம். கோயம்புத்தூர் மாதிரி முலாம் பூசும் பட்டறைகள் உள்ள ஊரில் இந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. இலை விளிம்பும் நரம்பும் செம்பழுப்பாகி, இலை சுருண்டால் காட்மியம் பட்டியலில் சேரும். ஆனால் மணிச்சத்துக் குறைவும் செவ்வூதாவாகக் காட்டும். அது பழைய இலையில் தொடங்கும்.

மஞ்சள் கீழ் இலையில் தொடங்கி, நரம்புக்கு நடுவே பரவினால் மெக்னீசியம். மொத்த இலையும் வெளிறினால் தழைச்சத்து. இந்த இரண்டுக்கும் உலோகத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேர் என்ன சொல்கிறது?

படம் அனுப்புகிறவர்கள் யாரும் வேரை அனுப்புவதில்லை. குரோமியமும் ஈயமும் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடுகிறவை. மேலே வருவது கொஞ்சம்தான். அடி வாங்குகிற இடம் மண்ணுக்குள் இருக்கும்போது இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி?

செடியைக் கையால் பிடுங்காதீர்கள், சல்லி வேர் மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டிக் கட்டியோடு தூக்கி, வாளியில் ஊறவிட்டு அலசுங்கள். அதே கழனியில் நன்றாக இருக்கும் செடியையும் ஒன்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

வேர் குட்டையாகி, நுனி தடித்துப் பழுப்பேறி, சல்லி வேர் இல்லாமல் முள்கம்பி மாதிரி இருந்தால் உலோகம் என்ற சந்தேகம் வலுக்கிறது. செம்பில் இது மிகத் தெளிவாகத் தெரியும். செம்புக்குத் தொழிற்சாலையே தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை மாதிரி வருடக்கணக்கில் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசண மருந்து) அடித்த தோட்டத்தை அழித்து வேறு பயிர் வைத்தால், மேல் மண்ணில் சேர்ந்திருக்கும் செம்பு புதுக் கன்றின் வேரைச் சுடலாம். ஆழ வேர் விட்ட பழைய கொடி தாங்கியது, நேற்று வைத்த நாற்று தாங்காது.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் (பயறு, கடலையில் இயல்பாகவே இருக்கும் வேர்முடிச்சு தவிர) நூற்புழு, உலோகம் இல்லை. வேர் கறுத்து, உருவினால் தோல் கழன்று, அழுகல் வாடை அடித்தால் பூசணம் அல்லது நீர்த்தேக்கம். நெல் வேர் முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் படலம் கட்டியிருந்தால் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

நெல் இலை வெண்கல நிறமாகிறது

கீழ் இலையின் நுனியிலிருந்து பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளி, அப்புறம் இலை முழுக்க வெண்கலம். வேர் குறைவு, உள்ள வேரிலும் துருப் படலம். இது இரும்பு மிகுதி. அமிலத் தன்மையுள்ள செம்புறை மண்ணில், தண்ணீர் வடியாமல் தேங்கும் வயலில் வரும். இதற்கு ஆலைக் கழிவு காரணமாக இருக்கத் தேவையில்லை, மண்ணிலேயே இருக்கும் இரும்பு நீர் தேங்கியதும் கரைகிறது. தண்ணீரை வடித்துக் காயவிட்டால் தேறும். பி.எச். குறைவாக இருந்தால் சுண்ணாம்பு உதவும்.

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் பழுப்புப் புள்ளி வந்து, இளம் இலையின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளுத்தால் துத்தநாகக் குறைவு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டோடு முடிகிற விஷயம். பயந்து ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம்.

கதிர் தலை குனியவில்லை

நெல் முற்றியும் கதிர் நேராக நிற்கிறது, தொட்டால் எல்லாம் பதர். முதலில் கதிரைப் பிடித்து மெல்ல இழுங்கள். சுலபமாக உருவி வந்து, கதிர் வெள்ளையாகக் காய்ந்திருந்தால் தண்டுத் துளைப்பான். வராமல், செடி பச்சையாகவே இருந்து, நெல்மணியின் உமி கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தால் ஆர்சனிக் சந்தேகப் பட்டியலில் வரும். அமெரிக்காவில் ஒருகாலத்தில் ஆர்சனிக் களைக்கொல்லி அடித்த பருத்தி நிலங்களில் பிறகு நெல் போட்டபோது இந்த நேர்க்கதிர் நோய் வந்தது. மட்காத தாள் நிறைய உள்ள வயலில் வெகுநாள் தண்ணீர் கட்டினாலும் இது வரலாம். அதனால் ஆர்சனிக்குக்கும் சேர்த்து ஆய்வகச் சீட்டு வாங்காமல் பெயர் வைக்காதீர்கள்.

ஒரு குறையும் இல்லை, பயிர் தளதளவென்று இருக்கிறது

எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த ரகம்தான். யாரும் இதற்குப் படம் அனுப்ப மாட்டார்கள்.

காட்மியம் செடியைக் கொல்லும் அளவுக்கு வெகு முன்பே, சாப்பிடுகிறவருக்கு ஆகாத அளவுக்கு இலையிலும் தானியத்திலும் ஏறிவிடும். அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், கீரையில் 0.2 மில்லிகிராம் என்பது பன்னாட்டு உணவுத் தர வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய கீரைக்கட்டும் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். ஜப்பானில் ஜின்ஸு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவுக் காட்மியம் கலந்த தண்ணீரில் விளைந்த நெல்லை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. வலியில் கத்தும் சத்தமே நோய்க்குப் பெயராகி, இத்தாய் இத்தாய் என்றார்கள். 1968-ல் அரசு அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. அந்த வயல்களின் மண்ணை மாற்றிச் சீர் செய்து முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

ஆகவே கழிவுக் கால்வாய்த் தண்ணீரில் நகர ஓரத்தில் கீரை போடுகிறவர் பயிரைப் பார்த்துத் திருப்திப்பட முடியாது. பொதுவாக இலையில் அதிகம் ஏறும், கிழங்கில் அதற்கடுத்து, காயிலும் பழத்திலும் குறைவு. ஒரே நிலத்தில் முளைக்கீரையும் கத்தரியும் இருந்தால் முதலில் சோதனைக்குப் போக வேண்டியது கீரை. உப்புத் தண்ணீர் பாய்ந்தால் காட்மியம் இன்னும் சுலபமாக ஏறும், குளோரைடு அதைக் கரைசலில் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு மட்டும்தான் என்று கண்டுபிடித்தவர்களும் இதை மறக்க வேண்டாம்.

ஈயம் வேறு மாதிரி. வேரிலிருந்து மேலே ஏறுவது குறைவு. சாலைப் புழுதி, பேட்டரி உருக்கும் பட்டறைப் புகை மூலம் இலை மேல் நேராகப் படிவதும், மழைத் தெறிப்பில் மண் ஒட்டுவதும்தான் அதிகம். நன்றாக அலசினால் கணிசமாகக் குறையும். காட்மியம் இலைக்குள்ளேயே இருக்கும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது.

சோதனைக்குக் கொடுப்பது

மண்வள அட்டை வைத்திருக்கிறேன், அதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். அந்த அட்டையில் வருவது பன்னிரண்டு அளவுகள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச்., ஈ.சி. (உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்து திறன்), கரிமச் சத்து. குரோமியம், காட்மியம், ஈயம், நிக்கல், ஆர்சனிக் எதுவும் அதில் இல்லை. துத்தநாகமும் செம்பும்கூட "போதுமா" என்ற கேள்விக்குத்தான் அளக்கப்படுகின்றன. ஆனால் அந்த எண்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் அதுவே ஒரு மணி அடிக்கிற மாதிரி. அட்டையை எடுத்து இன்னொரு முறை பாருங்கள்.

மாதிரி எடுக்கும்போது கெட்ட திட்டையும் நல்ல திட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டு தனிப் பை. கலந்தால் சராசரி வரும், சராசரியில் உண்மை கரைந்துவிடும். மேல் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு வி வடிவக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். ஒரு திட்டுக்குப் பத்து இடமாவது. துத்தநாகம் பூசிய தகரச் சட்டி, துருப்பிடித்த கொத்து எல்லாம் வேண்டாம், மூங்கில் குச்சியும் பிளாஸ்டிக் பேசினும் போதும். மண்ணைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவாக்கி நிழலில் உலர்த்துங்கள்.

தண்ணீருக்கு மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் ஆய்வகத்தார் துளி நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள், உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க. குரோமியம்-6 பார்க்க வேண்டுமென்றால் அமிலம் இல்லாத தனிப் பாட்டில் வேண்டும். குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். சீட்டில் "குரோமியம்" என்று மட்டும் எழுதினால் மொத்த அளவுதான் வரும். தோல் பதனிடுவதற்குப் போடும் குரோமியம்-3 மண்ணில் பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். நடமாடுவதும் கடிப்பதும் குரோமியம்-6. எனவே இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மண்ணுக்கும் மொத்த அளவோடு, செடிக்குக் கிடைக்கும் அளவையும் கேளுங்கள், டி.டி.பி.ஏ. முறை என்றால் புரிந்துகொள்வார்கள்.

நகரக் குப்பை உரம்தான் சந்தேகம் என்றால் உரத்தையே சோதிக்கலாம். இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு வரம்பு உண்டு. கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 மில்லிகிராம். விற்பவரிடம் சீட்டு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சீட்டு வந்துவிட்டது, இனி?

முதல் வேலை வரத்தை நிறுத்துவது. அந்தத் தண்ணீரோ வண்டலோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மற்றதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுகிற கதை. நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கும் என்றால், பண்ணைக்குட்டை மழைநீரை முளைப்புக்கும் நாற்றுக்கும் ஒதுக்குங்கள். செடி அதிகம் அடி வாங்குவது அந்த வயதில்தான்.

குரோமியம்-6 என்றால் தொழு உரமும் பசுந்தாளும் நல்ல கை கொடுக்கும். கரிமப் பொருள் அதைக் குரோமியம்-3 ஆக்கி அடக்கி வைக்கும். சும்மா ஒப்புக்கு ஒரு வண்டி போதாது, வழக்கமாகச் சொல்லும் ஏக்கருக்கு ஐந்து டன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டத்துக்கும் போட வேண்டும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருப்பதால் கொஞ்சம் திரும்பவும் குரோமியம்-6 ஆக மாறும், அதனால் ஒரு வருடத்தோடு விடாதீர்கள்.

சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது சொன்னால் பி.எச். பார்த்துவிட்டுப் போடுங்கள். காட்மியம், நிக்கல், துத்தநாகம் அமில மண்ணில்தான் துள்ளும், பி.எச். 6.5 முதல் 7 வரை ஏற்றினால் அடங்கும். பாலாற்றுப் பக்கத்து மண் பல இடத்தில் ஏற்கெனவே காரம். அதில் சுண்ணாம்பு கொட்டினால் இரும்புக் குறை இன்னும் கூடும், குரோமியம்-6-க்கும் ஆர்சனிக்குக்கும் கார நிலை கொண்டாட்டம்.

நெல்லில் ஒரு சிக்கல். காட்மியம் இருந்தால் கதிர் வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் தண்ணீர் கட்டி வையுங்கள் என்பது ஜப்பானில் சொல்லும் முறை. காற்றுப் படாத சேற்றில் காட்மியம் கரையாமல் அடங்கும். ஆர்சனிக்குக்கு நேர்மாறு, தண்ணீர் கட்டினால் அது கரைந்து வேருக்கு வரும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் குறையும். எது இருக்கிறது என்று தெரியாமல் மடையைத் திறப்பதும் அடைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி.

கடுகும் சூரியகாந்தியும் உலோகத்தை உறிஞ்சும், போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று கேட்பார்கள். உறிஞ்சுவது உண்மை. ஒரு பட்டத்தில் எடுப்பது மண்ணில் இருப்பதில் சொற்பம். பல பத்து வருடக் கணக்கு அது. என்னைக் கேட்டால், வாய்க்குப் போகாத பயிருக்கு மாறுவது நடக்கிற காரியம். சாமந்தி, பருத்தி, சவுக்கு. அந்த ஒன்பது வட்டக்காரர் வட்டங்களைத் தோண்டி ஓரமாகக் குவித்துவிட்டு, மற்ற இடத்தில் கடலை, அந்த ஓரத்தில் சாமந்தி என்று வைத்திருக்கிறார். மாட்டுத் தீவனம் மட்டும் அங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பாலுக்கும் ஈரலுக்கும் போகும்.

அசல் ஆய்வுச் சீட்டு, மாதிரி எடுத்த நாள், சர்வே எண், படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதும்போது "பயிர் கெட்டுவிட்டது" என்பதைவிட, மடைவாயிலும் கடைமடையிலும் எடுத்த இரண்டு எண்கள் பேசும். 1996 தீர்ப்பு 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்றது. 2025 ஜனவரியிலும் பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே மறுபடி சொல்லியிருக்கிறது. ஈடு கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது சீட்டுத்தான்.

இன்னொரு சின்ன விஷயம். சந்தேகத் திட்டில் பிடுங்கிய செடியை எருக்குழியில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். குழியில் போட்டால் அடுத்த வருடம் எருவாகி நல்ல பாத்திக்குப் போகும், எரித்தால் சாம்பலில் இன்னும் செறிவாக நிற்கும். அந்த மண்ணைக் குவித்து வைத்த ஓரத்திலேயே அதையும் போட்டு, மழையில் அடித்துப் போகாமல் சுற்றிலும் ஒரு வரப்பு கட்டிவிடுங்கள்.